எனக்கெதுக்கு மானிட்டர்

ரிப்பேரெல்லாம் இல்லீங்க அக்கா, போன் நல்லாத்தான் இருக்குது. அது பேசற வேகமே அவ்வளவுதானுங்க. நீங்க சங்கடப்படாதீங்க, பக்கத்துல உக்கார்றவங்க எல்லாருமே இதைத்தான் கேப்பாங்க. போன தடவை ஒரு கண்டக்டரு, "ஏம்மா, அந்த ரேடியோவுல ஸ்டேஷன் சரியா விழுகலை, நிறுத்திப்போடு"ன்னாரு. ஜன்னல் சீட்டை நீங்களே வெச்சுக்கங்க. வேடிக்கை பாக்கற வேலை எனக்கில்லை.

இது ஸ்க்ரீன் ரீடருங்க. எனக்குக் கண்ணு தெரியாது, மடியில மடக்குக்குச்சி இருக்குதே, பார்த்திருப்பீங்க. திரையில என்ன இருக்குதோ அதை இது வாசிச்சுச் சொல்லும். விரலால தள்ளுனா அடுத்ததுக்குப் போகும், ரெண்டு தட்டுத் தட்டுனா திறக்கும். கம்ப்யூட்டர்லயும் இதே மாதிரி உண்டு. புதுசாப் பழகறவங்க மெதுவா வெச்சுக் கேப்பாங்க. பழகிட்டா அந்தப் பொறுமை இருக்காதுங்க. நீங்க பேப்பர் படிக்கறப்ப எழுத்துக்கூட்டியா படிக்கறீங்க, கண்ணு பாட்டுக்கு ஓடுதில்ல. அந்த மாதிரி எனக்குக் காது ஓடும். என்னோட வேகம் எண்ணெயில கடுகு போட்ட மாதிரி. வேற யாருக்கும் ஒரு சொல்லு விளங்காது. விளங்காதுன்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுலதான் வினையே வந்துச்சு.

சொல்லட்டுங்களா? கோயமுத்தூர் போற வரைக்கும் பொழுது போகணுமில்ல. இப்ப வந்த மெசேஜா, அது ஒண்ணுமில்லீங்க, எங்க பெரிய மாமா. தினம் விடிஞ்சா குட்மார்னிங் படம் அனுப்புவாரு. இது "படம்"னு மட்டும் சொல்லும். உள்ளுக்குள்ள பூவா, சாமியா, ஒண்ணும் தெரியாது. நானும் மறக்காம "நல்லாருக்குதுங்க மாமா"ன்னு போட்டு விட்டுருவேன். வேற யாரோட மெசேஜையும் நான் எதிர்பாக்கலை.

எம்பேரு கலாமணிங்க. ஈரோட்டுல ஒரு பார்சல் சர்வீஸ் ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் சீட்டு என்னோடது. ஜவுளி பேலு, மஞ்ச மூட்டை, மிக்சி, எது எங்க காணாமப் போனாலும் ஜனங்க எனக்குத்தான் போன் போட்டுக் கத்துவாங்க. வலது காது கத்தறவங்களுக்கு, இடது காது கம்ப்யூட்டருக்கு. "என் பேலு எங்கம்மா"ன்னு அந்தாளு கேட்டு முடிக்கறதுக்குள்ள, அது சங்ககிரி குடோன்ல கம்முனு கிடக்குதுன்னு மிஷினு இந்தப் பக்கம் சொல்லிரும். போன்ல பேசறவங்களுக்கு எனக்குக் கண்ணு தெரியாதுங்கற விசயமே தெரியாதுங்க. ஒருத்தரு கோவத்துல, "கண்ணைத் தொறந்து பாத்துச் சொல்லும்மா"ன்னாரு. "பாத்துட்டேன் சார், நாமக்கல் போயிருச்சு"ன்னேன். "இதை மொதல்லயே பாத்திருக்கலாமில்ல"ன்னு வெச்சுட்டாரு.

கம்ப்யூட்டரை நான் ஸ்பீக்கர்ல விட்டுத்தான் கேப்பேன். ரெண்டு காதையும் ஹெட்போன்ல அடைச்சுக்கிட்டா ஆபீஸ்ல யாரு வர்றாங்க யாரு போறாங்கன்னு எனக்குத் தெரியாமப் போயிரும். என் காதுக்குத் தப்பி அங்க ஒண்ணும் நடக்காதுங்க. எங்க மேனேஜர் கிருபாகரன் சார் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கிட்டு அவரு சம்சாரத்துகிட்ட மன்னிப்புக் கேக்கறது எனக்குத் தெரியும். பில்லிங் புள்ளை யாருக்குப் போன் பண்றப்ப குரல் மாறும்னு தெரியும். நான் போய் ஒட்டுக்கேக்கறதில்லை. காது இருக்குது, கேக்குது. அதுல என்னங்க தப்பு.

சரி, மானிட்டர் கதைக்கு வர்றேன். எல்லார் மேசையிலயும் இருக்கற மாதிரி என் மேசையிலயும் ஒரு மானிட்டர் இருந்துச்சுங்க. அதுக்கும் எனக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. ஒரு நாளு கிருபாகரன் சார் வந்து நிக்கறாரு. குடோன்ல கேமரா மாட்டியிருக்குது, அதைத் தன் ரூம்ல இருந்தே பாக்கறதுக்கு இன்னொரு மானிட்டர் வேணுமாம். "கலாமணி, உன்னோடது சும்மாதானேம்மா எரியுது. கரண்டு வீணாத்தானே போகுது"ன்னாரு. நான் என்ன சொல்லப்போறேன்னு எல்லாரும் காதை நீட்டிக்கிட்டு இருக்கறாங்க. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "எனக்கெதுக்கு சார் மானிட்டர், தாராளமா எடுத்துக்கங்க. வேணும்னா டியூப் லைட்டையும் கழட்டிக்கங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மானிட்டர் இருந்த இடத்துல டிபன் பாக்ஸ் வெச்சுக்கிட்டேன், நல்லா வசதியா இருந்துச்சு.

பக்கத்து மேசைக்காரரு மட்டும் சிரிக்கலை. தனபாலுன்னு பேரு. லோடு சீட்டு அவரோடது. எந்த லாரில எந்த மூட்டை ஏறணும்னு முடிவு பண்றவரு. அவரு சிரிச்சா எனக்கு உடனே தெரியும். பழைய ஸ்கூட்டரை உதைச்சு ஸ்டார்ட் பண்ற மாதிரி, ரெண்டு தடவை இழுத்துட்டு மூணாவது தடவை பத்திக்கும். அன்னிக்கு அந்தச் சத்தம் வரலை.

அவருக்கு அதுல ஒரு சிக்கல் இருந்துச்சுங்க. மத்தியானம் நான் சாப்பிடப் போனா என் சீட்டுல அவருதான் உக்காருவாரு. கம்ப்ளைன்ட் போனு சோத்து நேரம்னு பாத்து நிக்குமா. அதுக்கு முந்தி அவரு மானிட்டரைப் பாத்துப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தாரு. எனக்கும் அப்பப்ப ஒத்தாசை பண்ணுவாரு. சில வெப்சைட்ல நாம மனுசனா மிஷினான்னு சோதிக்கறதுக்குக் கோணல்மாணலா எழுத்தைப் போட்டு வெச்சிருப்பாங்களே, அதை இந்த ஸ்க்ரீன் ரீடரால வாசிக்க முடியாது. நான் மனுசிதான்னு ஒவ்வொரு தடவையும் தனபாலு வந்துதான் நிரூபிச்சுக் குடுக்கணும். இப்ப மானிட்டர் போயிருச்சு. அந்த எழுத்து வேலையை அவரு மேசையிலயே பண்ணிக்குடுத்தாரு. ஆனா மத்தியானம் என் சீட்டுல உக்காந்தா பாக்கறதுக்கு ஒண்ணுமில்லை. வெறும் கீபோர்டும் ஸ்பீக்கரும். கேட்டுத்தான் ஆகணும்.

மொதல்ல எல்லாம் நான் சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தா மிஷினு ஜவ்வு மாதிரி இழுக்கும். "ப... ட்... ட... ன்..." எனக்கு உசிரே போயிரும். "தனபாலுங்க, உங்க வேகத்துக்குக் குறைச்சுக்கங்க, வேண்டாங்கலை. எந்திரிக்கறப்ப திரும்ப ஏத்தி வெச்சுட்டுப் போங்க"ன்னு சண்டை போடுவேன். "சரிங்க, சரிங்க"ம்பாரு. மறுநாளும் மறந்துருவாரு. அப்பறம் நாள் ஆக ஆக அந்த இழுவை கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுச்சு. கடைசில ஒரு நாள் வந்து உக்காந்தா, மிஷினு என்னோட வேகத்துலயே பேசுது. கடுகு பொரியுது. அதுக்கப்பறம் தினமும் அப்படித்தான். பரவாயில்லையே, மனுசன் திருந்திட்டாரு, ஞாபகமா ஏத்தி வெச்சுட்டுப் போறாருன்னு நான் நெனச்சேன். ஜெனிபர்கிட்டக்கூடப் பாராட்டிச் சொன்னேன்.

ஜெனிபரு எங்கூடப் படிச்சவ. அவளுக்கும் கண்ணு தெரியாது. கோயமுத்தூர்ல பேங்குல இருக்கறா, இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன். நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு நடுவுல சந்து கிடைச்சா மெசேஜ் போட்டுக்குவோம். அவ அனுப்பறதை மிஷினு வாசிக்கும். நான் அடிக்கறதையும் தப்பு இருக்குதான்னு பாக்கத் திரும்ப வாசிச்சுக் காட்டும். எல்லாம் ஸ்பீக்கர்லதான். பத்துப் பேரு உக்காந்திருக்கற ஆபீஸ்ல நட்டநடுவுல.

ஆமாங்க, நட்டநடுவுலதான். என்ன பயம், யாருக்கு விளங்கும். மேனேஜரைப் பத்தி மேனேஜர் பக்கத்துல நிக்கறப்பவே வாசிக்கவிட்டுக் கேட்டிருக்கறேன்.

நீங்க சிரிக்கறீங்க. ஆனா அது எனக்கு எவ்வளவு பெரிய விசயம்னு உங்களுக்குச் சொன்னாத்தான் தெரியும். வீட்டுல எனக்குன்னு ஒரு ரகசியம் கிடையாதுங்க. எம்பேருக்கு வர்ற கடுதாசியை எங்கண்ணன் படிப்பாரு, அப்பறம் அண்ணி படிப்பாங்க, கடைசியா எனக்குச் சொல்லுவாங்க. போன்ல மெசேஜ் அடிச்சா தோளுக்குப் பின்னால மூச்சுக் கேக்கும். திரையை இருட்டாக்கி வெச்சுக்க இதுல வசதி இருக்குது. அப்படி வெச்சா, "ஐயோ, போனு செத்துப்போச்சு"ன்னு பிடுங்கிட்டுப் போய் சார்ஜ்ல போட்டுருவாங்க அம்மா. பாசம்தான், இல்லைங்கலை. ஆனா கதவைச் சாத்திக்கிட்டு ஒரு அழுகை அழறதுக்கு எனக்கு இடமில்லை. இந்த வேகம்தான் என்னோட ரூமு. ஊரே சுத்தி நின்னாலும் உள்ள நான் மட்டும்தான் இருப்பேன்.

பெருந்துறை தாண்டிட்டமுங்களா? அப்பவே தாண்டியாச்சா. ஒரு நிமிசம். இல்லை, சும்மா பாத்தேன். மாமா படம்தான் கடைசியா வந்தது. வேற ஒண்ணும் வரலை.

அந்த ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு நானும் ஜெனிபரும் பேசாத பேச்சில்லை. தனபாலைப் பத்தியும் பேசுவோம்தான். பக்கத்துல உக்காந்திருக்கற மனுசன், பேசாம எப்படி இருக்கறது. அவரு தலைக்குத் தேங்காயெண்ணெய் வெச்சுக்கிட்டு வந்தா, இங்க ஒரு செக்கு ஓடுது ஜெனிபருன்னு எழுதுவேன். அந்த ஸ்கூட்டர் சிரிப்பைப் பத்தி எழுதுவேன். அவரு ஜாதகத்துல ஏதோ தோஷமுன்னு கல்யாணம் தள்ளித்தள்ளிப் போகுதாம், அதைக்கூட எழுதியிருக்கறேன். இன்னிக்கு நீலச் சட்டையாம், பில்லிங் புள்ளை சொன்னான்னு எழுதுனேன் ஒரு நாளு. ஜெனிபரு என்ன பண்ணுனா தெரீமுங்களா, "நீலம்னா உனக்கு என்ன, சிவப்புன்னா உனக்கு என்ன"ன்னு கேட்டா. அவளுக்கு எப்பவும் இப்படி வேண்டாத கேள்விதான்.

அப்பறம் ஆனி மாசம் எனக்கு ஒரு ஜாதகம் வந்துச்சுங்க. காங்கேயம் பக்கம். மாப்பிள்ளை வீட்டு ஒரம்பரை எல்லாம் வேன்ல வந்து இறங்குனாங்க. மாப்பிள்ளையோட அம்மா என் பக்கத்துலதான் உக்காந்திருக்கறாங்க, என் கையைக்கூடப் பிடிச்சிருக்கறாங்க. ஆனா கேள்வியை எங்கண்ணன்கிட்டக் கேக்கறாங்க. "டீ போடுமா இது?" இதுன்னாங்க. என்னையத்தான். "போடும்ங்க, சக்கரை தூக்கலா கம்மியா?"ன்னு நானே பதில் சொன்னேன். மாப்பிள்ளை வாயே தொறக்கலை. போறப்ப என் மணிக்கட்டைப் பிடிச்சு, ஆட்டுக்குட்டியை இழுக்கற மாதிரி வாசலுக்கு இழுத்துட்டுப் போனாங்க அந்தம்மா. என்னோட வீட்டு வாசலு அது, எனக்குத் தெரியாதா.

மறுநாள் ஆபீஸ்ல ஜெனிபருக்கு எல்லாத்தையும் எழுதுனேன். கண்ணுல தண்ணி ஊத்துது, கை பாட்டுக்கு அடிக்குது, மிஷினு பாட்டுக்குத் திரும்ப வாசிக்குது. சுத்தி எல்லாரும் ஏதோ கம்ப்ளைன்ட் வேலை பாக்கறேன்னு நெனச்சிருப்பாங்க. "சரி, உனக்கு எப்படிப்பட்ட ஆளுதான் வேணும்?"னு ஜெனிபரு கேட்டா. நான் எழுதுனேன், "கையைப் பிடிச்சு இழுக்காத ஆளு போதும். முழங்கையை நீட்டிக்கிட்டுச் சும்மா நின்னாப் போதும், நான் பிடிச்சுக்குவேன்." எங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தானுங்க சொல்லிக்குடுத்தாங்க. கூட்டிட்டுப் போறவங்க எங்களைப் பிடிக்கக் கூடாது, நாங்க அவங்க முழங்கையைப் பிடிக்கணும். அப்பத்தான் எங்க காலு எங்க இஷ்டத்துக்கு நடக்கும். இது ஊர்ல ஒரு ஆளுக்கும் தெரியாது. ரோட்டைத் தாண்டணும்னு நின்னாப் போதும், மூட்டை தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் வெச்சுருவாங்க. தனபாலும் அந்த ரகம்தான். மழை நாள்ல ஆபீஸ் படி வழுக்குமுன்னு என் மணிக்கட்டை அப்படியே பிடிப்பாரு பாருங்க, வளையல் நெளிஞ்சுரும்.

அதுக்கு அடுத்த வாரம் நல்ல மழைங்க. ஆபீஸ் விட்டு நான் படிகிட்ட நிக்கறேன். பக்கத்துல செருப்புச் சத்தம். தனபாலு. கையைப் பின்னால இழுத்துக்கிட்டேன், வளையல் புதுசு. ஆனா அவரு பிடிக்கலை. தொண்டையைச் செருமிட்டு, "கலாமணிங்க, முழங்கை இங்க இருக்குதுங்க. வேணும்னா பிடிச்சுக்கங்க"ன்னாரு. சொல்லிப்போட்டு அசையாம நிக்கறாரு.

நான் பிடிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, சரியான உயரம். படி எறங்கி ஆட்டோ வரைக்கும் போனோம், மழை கொட்டுது, நான் ஒரு தடவைகூடத் தடுமாறலை. ஆட்டோல ஏறி உக்காந்து வீட்டுக்குப் பாதி தூரம் போனப்பறம்தான் மண்டையில உறைக்குது. இதை இந்த மனுசனுக்கு யாரு சொல்லிக்குடுத்தது? பின்னால யோசிக்க யோசிக்க ஒவ்வொண்ணா வருது. தேங்காயெண்ணெய் வாசம் வந்து எவ்வளவு நாளாச்சு. அந்தச் சிரிப்பு எங்க போச்சு, இப்பெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு ஏதோ இருமற மாதிரி சிரிக்கறாரே.

சோதிச்சுப் பாத்துரலாமுன்னு முடிவு பண்ணுனேன். ஜெனிபருக்குப் போன் போட்டு, மத்தியானம் இந்த மெசேஜை அனுப்புன்னு சொல்லி வெச்சேன். நான் என் சீட்டுல உக்காந்திருக்கறேன், அவரு அவரு சீட்டுல டைப் அடிச்சுக்கிட்டு இருக்கறாரு. மெசேஜ் வருது. மிஷினு கடுகு பொரியற வேகத்துல வாசிக்குது. "உங்க ஆபீஸ் தனபாலு சார் தலையில பல்லி உக்காந்திருக்குது."

நாற்காலி மடார்னு பின்னால விழுகுது. மனுசன் எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் தலையைப் பட்டுபட்டுன்னு தட்டறாரு. "எங்க, எங்க"ங்கறாரு. ஏனுங்க அக்கா, ஜெனிபரு இருக்கறது கோயமுத்தூர்ல. அவளுக்கும் கண்ணு தெரியாது. அவ எப்படி ஈரோட்டுல இவரு தலைமேல பல்லியைப் பாத்தான்னு அந்த மனுசன் ஒரு நிமிசம் யோசிக்க வேண்டாமா.

சிரிங்க, சிரிங்க. எனக்கும் மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. அடுத்த நிமிசம் பகீர்னு ஆயிருச்சு. அத்தனையும் கேட்டிருக்கறாரு. காங்கேயத்துக்காரங்க வந்து போனது, நான் அழுதது, அந்தம்மா என்னைய இதுன்னு சொன்னது, எல்லாத்தையும். என் ரூமுக்குள்ள ஒரு ஆளு இத்தனை நாளா நாற்காலி போட்டு உக்காந்திருந்திருக்கறாரு, எனக்குத் தெரியலை. எல்லாச் சத்தமும் கேக்கற எனக்கு இது கேக்கலை. எனக்கு அவமானம்னா அவ்வளவு அவமானமுங்க.

பொழுதோட எல்லாரும் போனப்பறம் நேரடியாவே கேட்டேன். "எப்ப இருந்துங்க?"

அவரு மழுப்பலை. "மத்தியானத்துல உங்க சீட்டுல உக்காரணுமில்லீங்க, அதுக்காகத்தான் வீட்டுலயும் போட்டுப் போட்டுக் கேட்டுப் பழகுனேன். கஸ்டமரை எச்சா நேரம் நிக்க வெக்கக் கூடாதுன்னுதான். அப்பறம் ஒரு நாள் பாத்தா, நீங்க உக்காந்திருக்கறப்பவும் எனக்கு விளங்குது. காதை எப்படிங்க மூடறது"ன்னாரு.

"விளங்குதுன்னு சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா நீங்க ஹெட்போன் போட்டுக்குவீங்களே"ன்னாரு. அப்பறம், "தப்புத்தானுங்க"ன்னாரு.

பாருங்க, அடுத்தவங்க பேசறதை ஒட்டுக்கேக்கறது எவ்வளவு பெரிய தப்பு. காது இருக்குது கேக்குதுன்னு சொன்னா ஆச்சா. ஒரு மரியாதை வேண்டாமா. நான் அவருகூடப் பேசறதையே நிறுத்திட்டேன்.

மறுநாள் நேராக் கிருபாகரன் சார் ரூமுக்குப் போனேன். "என் மானிட்டர் எனக்கு வேணும் சார்."

"நீதானேம்மா குடுத்தே."

"இப்பத் திரும்ப வேணும்."

"எதுக்கும்மா?"

எதுக்குன்னு சொல்ல முடியுமா. மானிட்டர் இருந்தா மத்தியானம் தனபாலு கண்ணால பாத்துக்குவாரு, காதுக்கு வேலை இருக்காதுன்னு இவருகிட்டப் போய் விளக்கிக்கிட்டு இருக்க முடியுமா. "என் மேசை, என் மானிட்டர் சார். அவ்வளவுதான்"னேன். வெளிய எல்லாருக்கும் விசயம் போயிருச்சு. கண்ணு தெரியாத புள்ளை மானிட்டருக்குச் சண்டை போடுதாம்னு சிரிக்கறாங்க. அன்னிக்கு நானும் கூடச் சிரிச்சேன், இந்தத் தடவை முடியலை. "மானிட்டர் வர்ற வரைக்கும் நான் வரமாட்டேன், வேலையே போனாலும் சரி"ன்னு சொல்லிப்போட்டு, பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அது நேத்து. எனக்கு அந்தச் சீட்டு ரொம்பப் பிடிக்கும் அக்கா. அது போயிட்டா வீட்டுல உக்காந்து டீ போட வேண்டியதுதான். ஆனா சொன்னது சொன்னதுதானே.

என்ன, ஹெட்போனா? போட்டுக்கலாம்தான். ஆனா காது வலிக்குமில்லீங்க. அதுவுமில்லாம நான் எதுக்கு மாறணும். வேகத்தை இன்னும் ஏத்திக்கலாமா? ஏத்துனா அவரு அதையும் பழகிக்குவாரு, அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பிடிச்சா விடமாட்டாரு.

அதுவும் சரிதான். பழகுன காது மானிட்டர் வந்தா மறந்துருமா. மறக்காதுதானுங்க. அதை நான் யோசிக்கலை.

நீங்க என்னமோ சிரிக்கற மாதிரி இருக்குது. மூச்சு விடற சத்தத்துலயே தெரியுதுங்க. அப்படி ஒண்ணும் இல்லைங்க. நான் கோவத்துல இருக்கறேன். நேத்தில இருந்து அவரு ஒரு மெசேஜ் அனுப்பலை. ஒண்ணே ஒண்ணு அனுப்பியிருந்தா நான் படிக்காம அழிச்சிருப்பேன், அந்தத் திருப்தியாவது கிடைச்சிருக்கும். அதுக்கும் வழியில்லை.

இருங்க. ஏதோ வந்திருக்குது.

ஒண்ணுமில்லீங்க. ஆபீஸ்தான்.

ஒண்ணுமில்லீங்க அக்கா, கண்ணுல தூசி. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன். சாத்தித்தான் இருக்குதுங்களா, சரி. நீங்களும் கேளுங்க, இவ்வளவு கேட்டுட்டீங்க. இருங்க, வேகத்தைக் குறைக்கறேன். இன்னும் குறைக்கணுமா? இன்னும் கொஞ்சம். இவ்வளவு மெதுவா நான் கேட்டதே இல்லீங்க. இப்பக் கேளுங்க.

"கலாமணிங்க, தனபாலு. உங்க மானிட்டர் உங்க மேசையில இருக்குதுங்க. மேனேஜர் சும்மா குடுக்கலை. என்னோடதை அவருகிட்டக் குடுத்துட்டு உங்களோடதை வாங்கிட்டேன். என் மிஷின்லயும் ஸ்க்ரீன் ரீடரு போட்டுட்டேன். ஸ்பீக்கர்லதான் விட்டிருக்கறேன். எங்கம்மா அனுப்பறது, பொண்ணு வீட்டுக்காரங்க தோஷமுன்னு எழுதறது, எல்லாத்தையும் அது சத்தமா வாசிக்கும். உங்க வேகம்தான் வெச்சிருக்கறேன். இங்க வேற யாருக்கும் விளங்காதுங்க. உங்களுக்கு மட்டும் விளங்கும். நான் கேட்டதுக்கு நீங்களும் கேட்டுக்கங்க. அதுக்கப்பறமும் கோவம் இருந்தா நான் வேற சீட்டுக்குப் போயிக்கறேன்."

அவ்வளவுதான். முடிஞ்சுது.

ஏதாச்சும் பேசுங்க.

கிறுக்கு மனுசன். மானிட்டர் இல்லாம லோடு சீட்டுல உக்காந்தா என்ன ஆகும், சொல்லுங்க. ஸ்க்ரீன் ரீடர்ல கட்டம்கட்டமா வர்ற லாரிக் கணக்கைக் கேட்டுப் பிடிக்க எனக்கே வருசக்கணக்காச்சு. சேலத்து மூட்டை சிவகாசி போகும், சிவகாசிது சென்னை போகும். கம்ப்ளைன்ட் யாருக்கு வரும், எனக்குத்தானே.

பதில் போட்டுர்றேன், இருங்க. வாய்ல சொன்னா இது எழுதிக்கும். "என் மேசையில இருக்கறதை எடுத்து உங்க மேசையில வெச்சுக்கங்க. எனக்கெதுக்கு மானிட்டர். ஆனா உங்க ஸ்பீக்கரை மட்டும் நிறுத்தாதீங்க." அனுப்பியாச்சு.

லோடு தப்பாப் போகக் கூடாதேன்னுதானுங்க சொன்னேன். ஸ்பீக்கரா? அது வந்து, அவரு மிஷினு என்ன பேசுதுன்னு கேட்டாத்தானே தப்பு நடந்தா நான் கண்டுபிடிக்க முடியும். வேற என்னங்க.

அடுத்தது அவினாசிதானே. அங்க எறங்கி ஈரோட்டு பஸ்ஸைப் பிடிச்சா, ஆபீஸ் சாத்தறதுக்குள்ள போயிரலாமுங்களா? ஜெனிபருக்கு அப்பறமாச் சொல்லிக்கலாம், அவ எப்படியும் சிரிக்கத்தான் போறா. கொஞ்சம் கண்டக்டர்கிட்டச் சொல்லுங்க. கையெல்லாம் பிடிக்க வேண்டாங்க அக்கா. முழங்கையை மட்டும் நீட்டுங்க, நான் பிடிச்சுக்கறேன்.